பாய்லர் கண்ணாடியும் எலியாவின் சால்வையும்

சாயப்பட்டறையில் என் வேலை தண்ணீரைப் பார்ப்பது. சாயத் தண்ணீரை அல்ல, பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரை.

எங்கள் சபையில் பழைய ஆயர் மாறிப் போகிறார். புதியவர் வருகிறார். அவர் எப்படி இருப்பாரோ, எதை மாற்றுவாரோ என்று ஆளுக்கு ஒரு பயம். இந்தச் சமயத்தில், வேதத்தில் எலியா தீர்க்கதரிசியிடமிருந்து அவன் சீஷன் எலிசாவுக்கு ஊழியம் கைமாறியதைப் பற்றிச் சபைப் பத்திரிகைக்கு எழுதும்படி பழைய ஆயர் சொன்னார்.

"நான் எட்டாவது வரைக்குந்தானுங்க படிச்சது" என்றேன்.

"நீங்க பாய்லரை அடுத்த ஆள் கையில குடுத்துட்டு வந்தீங்கல்ல, அதை எழுதுங்க. அது போதும்" என்றார்.

அதனால் எழுதுகிறேன். வேதத்தைப் பற்றிச் சொல்வதில் பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். பாய்லரைப் பற்றிச் சொல்வதில் பிழை இருக்காது.

பாய்லர் என்பது ஒரு பெரிய இரும்பு உருளை. அடியில் விறகு எரியும். உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி குழாய் வழியாகப் போய்ச் சாய மிஷின்களைச் சூடாக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியே இருந்து தெரியாது. அதற்காக முன்பக்கம் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே இருக்கும் மட்டம் அதில் தெரியும். பாதிக்கு மேல் இருந்தால் நல்லது. கண்ணாடியை விட்டுக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இரும்பு காய்ந்து சிவந்துவிடும். சிவந்த இரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் விழுந்தால் வெடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே அந்தக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வேலை அவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு வயிற்றில் ஒரு பிடிப்பு எப்போதும் இருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும்.

எங்கள் ஊர் மூலனூர்ப் பக்கம். மழை இல்லாமல் போன வருடங்களில் திருப்பூர் வந்தேன். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் விறகு தள்ளும் வேலை கிடைத்தது. பிறகு அடுப்பு வேலை. பிறகு சான்றிதழ்ப் பரீட்சை எழுதி பாய்லர் ஆப்பரேட்டர் ஆனேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் மாசிலாமணி அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். நம் சபைக்குத்தான் வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து போய்விடுவார். பெரிய ஆள், பேச்சு குறைவு. தோளில் ஒரு துண்டு கிடக்கும். அதால் முகத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத்தான் துடைப்பார். நாம் ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. முதலில் பாய்லரைப் பார்ப்பார். பிறகு நம்மைப் பார்ப்பார். பிறகுதான் வாயைத் திறப்பார். திட்டுவது என்றால் "சவத்த விடு" என்பார். அதுதான் பெரிய திட்டு.

காலை ஷிப்ட் அவர். மதியத்துக்கு மேல் நான். வேலை மாறும்போது அவர் ஒரு முறை வைத்திருந்தார். வேறு பட்டறையில் நான் அதைப் பார்த்ததில்லை.

எல்லா இடத்திலும் போகிறவர் வருகிறவரிடம், "தண்ணி பாதி இருக்கு, பம்ப் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். அண்ணாச்சி சொல்ல மாட்டார். நான் உள்ளே வந்ததும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். நான் போய்க் கண்ணாடியின் அடிக்குழாயைத் திறந்து அதில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மூடியதும் புதுத் தண்ணீர் துள்ளி ஏற வேண்டும். ஏறி நின்ற பிறகும் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கொதிக்கிற தண்ணீர் அல்லவா, ஆடும். ஆடாமல் நின்றால் அதை நம்பக் கூடாது.

அப்போது அவர் சுவரைப் பார்த்தபடி கேட்பார். "என்ன தெரியுது?"

நான் கண்ணால் கண்டதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "தண்ணி ஆடுதுங்க அண்ணாச்சி. பாதிக்கு மேல இருக்குதுங்க."

சொன்ன பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கை எடுப்பார். வந்த புதிதில் ஒரு நாள், "ஏனுங்க அண்ணாச்சி, நீங்களே சொல்லீட்டுப் போலாமல்லங்க?" என்று கேட்டேன்.

பாய்லரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் சொன்னா நீ என் வாயத்தான பாப்ப. தண்ணியப் பாக்க மாட்டியே" என்றார்.

சில வருடம் இப்படிப் போயிற்று. பிறகு அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

யாரும் சொல்லவில்லை, நானே கவனித்தேன். அடுப்புக் கதவின் பிடியை அவர் தேட ஆரம்பித்தார். முன்பெல்லாம் கை நேராகப் போகும். இப்போது விரல்கள் முதலில் கதவைத் தொட்டு, பிறகு பிடிக்குப் போயின. டீ நேரத்தில் சட்டைப் பையிலிருந்து வேதத்தை எடுத்து வாசிப்பார். ஒரு நாள் என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி. எனக்குக் கண்ணாடி வீட்ல கெடக்கு."

அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. வாங்கி வாசித்தேன்.

பட்டறையில் பஞ்சுக் கழிவு கூட்டும் ரங்கம்மாக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. விறகுக் கிடங்கில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தங்கராசு, உங்க அண்ணாச்சி என்னையப் பாத்து எந்திரிச்சு நின்னு, 'வாங்க மொதலாளி'ங்கறாருங்க. சம்பளத்தையும் ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க."

"சும்மா இருங்க அக்கா."

"சிரிப்புக்குச் சொல்றனுங்க." பிறகு அவர் சிரிக்கவில்லை. "ஆனா கண்ணு, எம்பட மகளும் அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் வேலைல நிக்கறா."

டையிங் மாஸ்டர் சண்முகமும் கேட்டார். சாய மிஷின்கள் அவர் பொறுப்பு. "ஏனுங், அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியறதில்லையாமா? உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. நீங்க பேசாம இருங்க" என்றேன்.

அந்த வாரம் டீ நேரத்தில் நான் வாசித்த பகுதி எலியா வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பெத்தேலில் தீர்க்கதரிசிகளின் கூட்டம் எலிசாவிடம் வந்து, உன் தலைவனை ஆண்டவர் இன்று உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறார், தெரியுமா என்று கேட்கிறது. தெரியும், சும்மா இருங்கள் என்கிறான். எரிகோவிலும் அதே கேள்வி. அதே பதில். மாஸ்டரிடம் நான் சொன்னதும் அதுதான்.

எலிசா ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்குப் பிரசங்கத்தில் பல காரணம் கேட்டிருக்கிறேன். மரியாதை என்பார்கள், விசுவாசம் என்பார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் பயம். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நடந்துவிடும்.

எலியா எலிசாவிடம், நீ இங்கே இரு, நான் மட்டும் போகிறேன் என்று மூன்று முறை சொல்கிறான். அண்ணாச்சியும் சொன்னார். "அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு புதுப் பட்டறையில ஆள் கேக்காங்க. நீ போ. நல்ல எடம்."

"இல்லீங்க அண்ணாச்சி. நான் இங்கயே இருக்கறனுங்க."

சில நாள் கழித்து மறுபடி சொன்னார். நான் அதையே சொன்னேன். எலியா மூன்று முறை சொன்னான். இவர் இரண்டோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் என் ஷிப்டுக்கு வெகு நேரம் முன்பே போய்விடுவேன். விறகுக் கிடங்கில் உட்கார்ந்து பாய்லர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரி சாந்தி, "அங்க என்னத்தத்தான் வெச்சிருக்கறீங்க? ஊடு தங்கறதே இல்ல" என்பாள். சொன்னால் அவளும் பயப்படுவாள். சொல்லவில்லை.

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பாய்லரில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. ஒன்றில் குழாய் ஒழுகியதால் மூடி வைத்திருந்தோம். தண்ணீர் குறைந்தால் கத்தும் மணி ஒன்று உண்டு. நான் அங்கே சேர்ந்ததிலிருந்து அது கத்தியதே இல்லை. ஓடிக்கொண்டிருந்த கண்ணாடியில் கறை பிடித்திருந்தது. ஒரே மட்டத்தில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றால் அந்த இடத்தில் ஒரு பழுப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே கண்ணாடி மங்கலாக இருக்கும், மேலே தெளிவாக இருக்கும். உள்ளே தண்ணீர் இருப்பது போலவே இருக்கும். புதுக் கண்ணாடிக்குச் சொல்லியிருந்தார்கள். இன்னும் வரவில்லை.

முற்பகல். நான் விறகுக் கிடங்கில் இருந்தேன். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் லேசாகக் கேட்டது. தண்ணீர் இழுக்கிற பம்ப் முனகும். இது முனகவில்லை. வெறுமனே சுற்றியது.

ஓடினேன். தொட்டியை எட்டிப் பார்த்தேன். அடித்தரை தெரிந்தது. தண்ணீர் லாரி அன்று வந்திருக்கவில்லை. பம்ப் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

உள்ளே அண்ணாச்சி கண்ணாடி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. முகம் கண்ணாடியைப் பார்த்திருந்தது.

"அண்ணாச்சி, தொட்டீல தண்ணி இல்லீங்க."

"பாய்லர்ல இருக்குல்லா. பாதி நிக்கி."

நான் பார்த்தேன். பாதியில் நின்றது. ஆடவில்லை.

குனிந்து அடிக்குழாயைத் திறந்தேன். சீறிக்கொண்டு ஆவி மட்டும் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. மூடினேன். எதுவும் துள்ளி ஏறவில்லை. கோடு மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாததா? தண்ணீர் வடியும் சத்தம் வேறு, வெறும் ஆவிச் சத்தம் வேறு. அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். இரண்டு அடி நகர்ந்தார். நகர்ந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"என்ன தெரியுது?" என்றார்.

ஷிப்ட் மாறும் நேரம் அல்ல அது. ஆனாலும் அதே கேள்வி, அதே குரல்.

"கறைதானுங்க தெரியுது. தண்ணி தெரியலீங்க அண்ணாச்சி."

சுவரைப் பார்த்தபடி ஒரு மூச்சு விட்டார். "அப்ப நீ சொல்லு. நான் செய்யுதேன்."

அவர் இருக்கும் இடத்தில் நான் உத்தரவு போட்டதில்லை. ஆனால் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். மட்டம் தெரியாத பாய்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. முதலில் பம்பை நிறுத்த வேண்டும். அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியை நிறுத்த வேண்டும். நெருப்பை வெளியே இழுத்துச் சாம்பலால் மூட வேண்டும். ஆவிக் குழாயை மெதுவாக அடைக்க வேண்டும். பிறகு தானாக ஆறும் வரை விலகி நிற்க வேண்டும்.

"நெருப்பை இழுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் கொக்கிக் கம்பியை எடுத்தார். அதற்குக் கண் தேவைப்படவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து எரியும் கட்டைகளை இழுத்து வெளியே போட்டார். நான் பம்பையும் காற்றாடியையும் நிறுத்திவிட்டு ஆவிக் குழாயின் வால்வைத் திருகினேன். அடைக்க அடைக்க அந்தப் பக்கம் மிஷின்களில் சூடு இறங்கியது. மாஸ்டர் சண்முகம் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங், ஆவிய ஏனுங் நிறுத்தறீங்க? மிஷின்ல கருநீலம் ஓடுது! பாதீல நின்னா துணி பூராத் திட்டுத் திட்டாப் போயிருமுங்க!"

நான் வால்வை விடவில்லை.

"தண்ணி இல்லீன்னா தண்ணிய உடுங்க! பக்கத்துத் தொட்டீல இருந்து பைப்பைப் போடுங்க! அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க!"

அண்ணாச்சி நெருப்பை இழுத்துக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு இவரக் கேளுங்க மாஸ்டர்."

என்னை அவர் அதுவரை "இவன்" என்றும் "தம்பி" என்றும்தான் சொல்லியிருந்தார்.

மாஸ்டர் என்னிடம் திரும்பினார். நான் சொன்னேன். "ஆளுக எல்லாத்தையும் வெளிய கூட்டீட்டுப் போங்க. ரங்கம்மாக்கா மகளயும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்புக்கு வெளியே கிடந்த நெருப்பைப் பார்த்தார். திட்டிக்கொண்டேதான் போனார். ஆனால் ஓடினார்.

நாங்கள் சாம்பலை அள்ளிப் போட்டுவிட்டு விறகுக் கிடங்குக்கு வந்து நின்றோம். அழுத்தம் காட்டும் முள் அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. "எறங்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "எறங்குதுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் பேசினோம். ரோட்டில் சனம் நின்று எங்களைப் பார்த்தது. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வெடிக்கவில்லை. மறுநாள் பாய்லரைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே மேல் வரிசைக் குழாய்கள் தண்ணீர் இல்லாமல் காய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. மாஸ்டரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். போய் எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வந்தார். கருநீலத் துணியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அண்ணாச்சி தானாகவே முதலாளியிடம் போனார். நான் வாசலில் நின்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியல மொதலாளி."

"எத்தன நாளாங்க?"

"நாளாச்சு. இனி தங்கராசு பாப்பாரு."

ஏலி என்ற ஆசாரியனுக்கும் கண் மங்கியிருந்தது என்று வேதம் சொல்கிறது. அவனைக் குறைவாகப் பேசித்தான் நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆண்டவர் தன்னை விட்டுவிட்டுச் சிறுவன் சாமுவேலைக் கூப்பிடுகிறார் என்று புரிந்துகொண்டது அந்தக் கண் மங்கிய ஆள்தான். சாமுவேலுக்கே அது புரியவில்லை. போய்ப் படு, மறுபடி கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று வழி காட்டினவனும் அவன்தான். அண்ணாச்சிக்கு அன்று கண்ணாடி தெரியவில்லை. ஆனால் திரும்பி நிற்க வேண்டிய நேரம் தெரிந்தது.

கோயம்புத்தூரில் கண்ணைக் காட்டினார்கள். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஊரில் மகள் வீட்டுக்குப் போக முடிவு செய்தார். பஸ் ஏற்றிவிட நான் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டார்.

"போறதுக்கு முன்ன ஒனக்கு நான் ஏதாவது செய்யணுமாலே?"

எலியா கேட்ட கேள்வி அது. தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. எலிசா, எலியாவிடம் இருந்த தேவ ஆவியில் இரட்டிப்பான பங்கைக் கேட்டான். நான் யோசித்துச் சொன்னேன்.

"உங்க பயம் எனக்கு வேணுங்க அண்ணாச்சி."

அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். "அது ஒங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு பங்கு கெடக்குலே. நான் வேற தரணுமாக்கும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். எலியா போனபோது அவன் சால்வை கீழே விழுந்தது, எலிசா எடுத்துக்கொண்டான்; இங்கே சால்வை ஒன்றும் விழவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே போனார். அது அவருடைய துண்டு.

குழாய்களை மாற்றி, சோதனை முடிந்து, மறுபடி பாய்லரைப் பற்ற வைத்த நாளில் நான் தனியாக நின்றேன். சால்வை கையில் இருந்தும் எலிசா யோர்தான் கரையில் நின்று, எலியாவின் தேவன் எங்கே என்று கேட்டான். அவன் அதைத் தைரியத்தில் கேட்டான் என்று நான் நம்பவில்லை. நடுங்கித்தான் கேட்டிருப்பான். பின்னால் தீர்க்கதரிசிகள் கூட்டம் நின்று பார்க்கிறது. முன்னால் ஆறு. எலியா செய்ததுபோல் அந்தத் துணியால் தண்ணீரை அடித்து ஆற்றைப் பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் என்ன ஆகும்?

என் பின்னாலும் சண்முகம் மாஸ்டர் நின்றார். ரங்கம்மாக்கா துடைப்பத்தோடு நின்றார். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். சத்தமாக அல்ல. கேட்டுவிட்டு அடிக்குழாயைத் திறந்து மூடினேன். புதுக் கண்ணாடியில் தண்ணீர் துள்ளி ஏறியது. ஆடியது.

"என்ன தெரியுது?" என்று கேட்க யாரும் இல்லை. நானே சத்தமாகச் சொன்னேன். "தண்ணி ஆடுது."

"அது எங்குளுக்கும் தெரியுதுங்க" என்றார் ரங்கம்மாக்கா.

அதற்குப் பிறகு என் காலம் முழுவதும் பாய்லர்தான். பட்டறைகள் மாறின. கடைசியாக இருந்த இடத்தில் பம்ப் தானாக ஓடும், மணி ஒழுங்காகக் கத்தும். கண்ணாடிக்கு எதிரே கேமரா வைத்திருந்தார்கள். முதலாளி மகன் போனிலேயே மட்டத்தைப் பார்ப்பார். அங்கேயும் ஷிப்ட் மாறும்போது நான் முதுகைக் காட்டித்தான் நின்றேன். சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வடித்துப் பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் இருந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் "தண்ணி ஆடுது" என்று சொன்ன பிறகு, கிளம்பும்போது நான் ஒரு தடவை திரும்பிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பார்க்காமல் போனால் வீட்டில் சோறு இறங்காது.

எனக்குப் பின் யார் என்ற கேள்வி வந்தது. என் கீழே திலீப் இருந்தான். ஒடிசாக்காரன். நாற்பது வயது தாண்டியவன். சாம்பல் அள்ள வந்து, அடுப்புக்கு வந்து, சான்றிதழும் வாங்கிவிட்டான். பாய்லர் அறையில் அவன் சாமி படத்துக்குத் தினம் பூ வைப்பான். சபையில் ஒருவர் என்னிடம், "வேற ஆளே கெடைக்கலீங்களா? நம்ம சபைப் பையனுக எத்தன பேரு வேலையில்லாம இருக்கறாங்கொ" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. கேயாசி எலிசாவின் வேலைக்காரன், பக்கத்திலேயே இருந்தவன்; காசு ஆசையில் பொய் சொல்லிக் கெட்டான். பக்கத்தில் இருந்தது மட்டும் போதவில்லை. திலீப்பும் பக்கத்தில் இருந்தவன்தானே. நான் போன பிறகு என்ன செய்வான்? பாஷை சரியாகத் தெரியாத ஆள் அவசரத்துக்கு யாரிடம் என்ன சொல்லுவான்?

பல நாள் இதே யோசனை. பிறகுதான் எலியா சூரைச்செடிக்கு அடியில் படுத்ததும், குகையில் புலம்பியதும் ஞாபகம் வந்தது. ஆண்டவருக்கு உண்மையாக இருப்பவர்களில் நான் ஒருவன்தான் மீதி என்றான். ஆண்டவர் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார். அந்த ஏழாயிரத்தில் ஒருவரைக்கூட எலியாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவனுக்குத் தெரியாததால் அவர்கள் இல்லாமல் போகவில்லை.

முதலாளியிடம் திலீப் பெயரைச் சொன்னேன்.

என் கடைசி நாள். மாலை போட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து பாய்லர் அறைக்கு வந்தேன். திலீப் வந்தான். நான் திரும்பி நின்றேன். அவன் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வடியும் சத்தம்தான். மூடினான்.

"என்ன தெரியுது?"

அவன் உடனே சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லுகிற நேரம் கடந்துவிட்டது. கழுத்து தானாகத் திரும்பியது.

"அண்ணா" என்றான். "முதுகு."

சுவரைப் பார்த்தேன்.

"தண்ணி ஆடுது அண்ணா. பாதி மேலே. நீங்க வீடு போங்க."

சாப்பாட்டுப் பையை எடுத்தேன். கதவு வரை போய், வழக்கம்போலத் திரும்பினேன். கண்ணாடி தெரியவில்லை. திலீப் அதற்கு முன்னால் வந்து நின்றிருந்தான். தெரியாமல் நின்றான் என்று சொல்ல முடியாது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"என் ஷிப்ட் அண்ணா" என்றான்.

கொஞ்சம் தள்ளு என்று சொல்லியிருக்கலாம். தள்ளி நின்றிருப்பான். நான் சொல்லவில்லை.

எலியா போவதை எலிசா பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் கேட்ட பங்கு கிடைக்கும், பார்க்காவிட்டால் இல்லை என்றுதான் பேச்சு. அதைப் பல பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் எலிசா யோர்தானை அடித்தபோது எலியா அங்கே இல்லை. தண்ணீர் பிளந்ததா இல்லையா என்று நின்று பார்த்துவிட்டுப் போகவில்லை. மோசேயும் மலை மேலிருந்து தேசத்தைப் பார்த்தான். அவனுக்குப் பின் வந்த யோசுவா யோர்தானைக் கடந்ததைப் பார்க்கவில்லை. வருகிறவன் பார்க்க வேண்டும். போகிறவன் பார்க்காமல் போக வேண்டும். அண்ணாச்சி தினமும் சுவரைப் பார்த்து நின்றது எனக்காக என்று நினைத்திருந்தேன். அது அவருக்காகவும்தான்.

நம் பழைய ஆயருக்கும் நமக்கும் சொல்ல என்னிடம் இதைத் தவிர வேறு இல்லை.

அன்று கேட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்றேன். கையில் கடிகாரப் பெட்டி. கண்ணாடியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று என் கண்ணால் பார்க்காமல் வந்தது அதுவே முதல் தடவை. திலீப் சொன்னது மட்டும்தான் என்னிடம் இருந்தது. பஸ் வந்தது. ஏறினேன். பட்டறைச் சிம்னி தெரிகிற பக்கம் இடம் காலியாக இருந்தது. நான் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.